காதைச் சொறிந்தால் சிரிக்கணும்

என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் வேலை சிரிப்பது. பேசிய கூலி ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், துருவிய பனிக்கட்டிக்கு மேலே சிவப்புச் சாறு தாராளமாக. வேலை கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது நான் தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்திலேயே கிடையாது என்று மாமா நம்பியதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளுக்கு முன்புதான் தமிழ் வகுப்பில் ஆசிரியை 'ஆகையால்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தார். கடைசி வரிசைப் பையன் எழுந்து நின்றான். நெற்றியைத் தடவினான், மின்விசிறியைப் பார்த்தான், பிறகு மிகுந்த மரியாதையோடு, "ஆகையால்... எனக்குத் தெரியாது டீச்சர்" என்றான். யோசித்துப் பார்த்தால் அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆசிரியையே ஒரு கணம் தயங்கினார். நான் சிரித்தேன். நிறுத்தச் சொன்னார், முடியவில்லை. வெளியே போய்ச் சிரித்து முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். வகுப்பு வாசலில் நின்று நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து வகுப்பிலிருந்த சீனப் பிள்ளைகள், என்ன ஏது என்று ஒன்றும் தெரியாமலேயே மொத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குத் தகவல் வந்தது. அம்மா திட்டினார். மாமா மட்டும், "பக்கத்து கிளாசுமா சிரிச்சுது? நிசமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, சந்தையில் நல்ல மீனைப் பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார்.

மாமாவுக்கு வாரநாட்களில் அடுக்குமாடி வீடுகளுக்குப் புளோக் புளோக்காகப் போய் லிப்ட் பழுது பார்க்கும் வேலை. சனி ஞாயிறுகளில் சமூக மன்றத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கு நாடகம் எழுதுவார், இயக்குவார், நடிப்பார், ஆள் வராவிட்டால் திரையும் இழுப்பார். எழுதுவதெல்லாம் நகைச்சுவை நாடகங்கள்தான். அவருக்கு இருந்த ஒரே துக்கம் பார்வையாளர்கள்.

நம் ஊரில் தமிழ் நாடகம் பார்க்க வருகிறவர்கள் மிகவும் நல்லவர்கள். நேரத்துக்கு வருவார்கள், கைத்தொலைபேசியை அணைத்து வைப்பார்கள், முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் மட்டும் முதலில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் முன்வரிசைச் சிறப்பு விருந்தினரின் பிடரியைப் பார்ப்பார். சிறப்பு விருந்தினரோ, இதில் கருத்து எங்கே வரும் என்று மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் வசனம் கடந்துபோய் அடுத்த காட்சி வந்திருக்கும்.

மாமா இதைத் தன் தொழில் வழியாக எனக்கு விளக்கினார். "லிப்ட்ல எல்லாரும் ஏறி நிக்கிறாங்க. ஒருத்தரும் பட்டனை அழுத்தல. லிப்ட் போவுமா? போவாதுலா. யாராச்சும் ஒருத்தர் கைய நீட்டணும். அந்த ஆளு நீதான்."

எத்தனாவது மாடிக்கு என்று கேட்டேன்.

"எதா இருந்தா உனக்கென்ன, மேல போனாச் சரி."

ஏற்பாடு எளிமையானது. மேடையில் மாமா நடித்துக்கொண்டிருப்பார். நான் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் எப்போது இடது காதைச் சொறிகிறாரோ, அப்போது நான் சிரிக்க வேண்டும். நகைச்சுவை எனக்குப் புரிந்ததா இல்லையா என்பது முக்கியம் இல்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தோம். அவர் காதைச் சொறிவார், நான் சிரிப்பேன். சீக்கிரம் சிரித்தால் வசனம் அடிபடும் என்பார். தாமதமாகச் சிரித்தால், மழை நின்ற பிறகு எதற்குக் குடை என்பார். பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர் இதைச் சில நாள் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒரு மாலை, பச்சை மூடி போட்ட தைலக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து மாமாவின் கையில் வைத்து, தன் காதைக் காட்டி, மூன்று வேளை தடவச் சொல்லி சைகை செய்துவிட்டுப் போனார். மாமா அதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னார். இதற்குத்தான் உண்மையிலேயே சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் காதைத் தொடவில்லை.

இவ்வளவு முன்னேற்பாடு ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக்குக் கதவு கிடையாது. அப்பாவும் மாமாவும் ஏறக்குறைய ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரே ஒரு சொல்.

சிங்கப்பூரில் காலை நேரத்தில் யாராவது வீட்டுக்கு வந்தால், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பதுதான் வழக்கம். காலை உணவு ஆயிற்றா என்று பொருள். குட்மார்னிங் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பா தமிழ்நாட்டிலிருந்து இங்கே கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர். அவர் ஊரில் பசியாற்றுவது என்றால் கோயில் வாசலில் பந்தி போட்டு இல்லாதவர்களுக்குச் செய்வது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக அம்மா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, கதவைத் திறந்து வாய் நிறைய, "வாங்க வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாராம். அப்பா வாசலிலேயே நின்றார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "நாங்க அதுக்கு வரலைங்க" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேசையில் இட்லி, மீ கோரிங் நூடுல்ஸ், வாழைப்பழ அப்பம் எல்லாம் ஆறிக்கொண்டிருந்தன. பதற்றத்தில் அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கூட வந்த நண்பர் மட்டும் மீ கோரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாக அம்மா சொல்வார்.

இதையெல்லாம் அதே கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்த இன்னொரு ஆள் மாமா. அப்போது பள்ளிக்கூடப் பையன். குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும், மாமாவை நடுவில் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். அவரும் நடித்தே காட்டுவார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளரும். ஒரு தீபாவளியில் அப்பாவின் வயிறு எம்ஆர்டி ரயில் மாதிரி சத்தம் போட்டது. அடுத்த பொங்கலுக்கு நண்பர் மயக்கம் போட்டு விழுந்தார். அப்பா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்பது மாதிரி உதட்டை வைத்துக்கொள்வார். அது சிரிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பெரியம்மா செங்காங்கில் புது வீடு வாங்கிக் குடிபுகுந்த நாளன்றும் மாமாவைக் கதை சொல்லச் சொன்னார்கள். அன்றைக்கு ஆட்டம் அமர்க்களம். கடிகாரத்தைத் தள்ளுவதை மட்டும் வகைவகையாகச் செய்துகாட்டினார். புது வீட்டில் இன்னும் சாமான் சேரவில்லை. சிரிப்பு சுவரில் பட்டு எதிரொலித்தது. எல்லோருக்கும் மறந்துபோன விஷயம், கூட்டத்தில் அப்பாவின் அண்ணனும் இருந்தார் என்பது. ஊரிலிருந்து தம்பியின் குடும்பத்தைப் பார்க்க அந்த வாரம்தான் வந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் நான் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா மெதுவாக, "இவங்க வீட்ல உன்னை இப்படித்தான் வச்சிருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். அந்தத் தடத்தில் ரயில் முழுக்கச் சுரங்கத்துக்குள்தான் ஓடும். ஜன்னலில் பார்க்க எதுவும் கிடையாது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மாமாவோடு பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. மாமா வந்தால் அப்பா எழுந்து போய்விட மாட்டார். அதே சோபாவில்தான் இருவரும் இருப்பார்கள். "உங்க மாமாவ முறுக்கு எடுத்துக்கச் சொல்லு" என்பார் அப்பா, என்னிடம். "எடுத்துக்கிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்பார் மாமா, அதுவும் என்னிடம். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு, கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வேன். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துக்கூட இருந்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் சமையலறையில் வைத்து மாமாவிடம் சொல்லிவிட்டார். "வாயாலதானே கெடுத்தே, வாயாலயே சரி பண்ணு. நேரா போய் சாரின்னு நிக்காதே. அது அவருக்கு இன்னும் அவமானமா இருக்கும், எனக்குத் தெரியும். உனக்குத்தான் நாடகம் எழுத வரும்லா, எதாச்சும் பண்ணு."

மாமா ஏதோ முனகினார்.

"பண்ணு. ஆனா அவர் பாதியில எழுந்து வந்துட்டார்னு வச்சுக்க, அப்புறம் நீ இந்த வீட்டுப் பக்கம் வராதே. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால அல்லாட முடியாது."

ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு இதில் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகப் புரிந்தது. நாடகம் நன்றாக அமையாவிட்டால் மாமா வர மாட்டார். மாமா வராவிட்டால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும்தான் இருக்கும். ஆகையால் நான் நன்றாகச் சிரிக்க வேண்டும். ஆகையால் என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் சரியான வாக்கியம் கிடைத்தது.

அப்பாவை எப்படி வரவழைப்பது என்பதை அம்மா பார்த்துக்கொண்டார். ஒரு நாள் சாப்பாட்டின்போது, சாதாரணமாக, ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் பிள்ளையும் இருக்கிறாள் என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "மேடையிலயா? எதுல வர்றா?"

"கூட்டத்துல" என்றார் அம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

மகள் கூட்டத்தில் வருகிறாள் என்றால் தகப்பன் போகாமல் இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். மன்றத்தின் அரங்கில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் போய் உட்கார்ந்ததும் அவருக்குக் குழப்பம். நேரமாகவில்லையா, நீ உள்ளே போகவில்லையா என்று கேட்டார். என் வேலை இங்கேதான் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிறேன். போன பருவத்தில் மேடையில் நகைச்சுவையின் பங்கு என்ன என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நகைச்சுவை சமூகத்தின் குறையைச் சுட்டுகிறது, அதிகாரத்தைக் கிண்டல் செய்கிறது, இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். எனக்கு எதையும் கொஞ்சமாகச் சொல்ல வராது. நல்ல மதிப்பெண்தான் வந்தது. ஆனால் எழுதி முடிக்கும்வரை என் கண்ணுக்குள் நின்றது மாமாவின் இடது காது.

அன்றைக்குத் திரை விலகியது. மாமா பெரிய ஒட்டு மீசை, கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டையோடு வந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மைத்துனன், தன் அக்காள் கணவனின் ஊரைப் பார்க்க முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்குப் போகிறான். உலகத்துத் தமிழையெல்லாம் கரைத்துக் குடித்தவன் என்று அவனுக்கு நினைப்பு. பேருந்திலிருந்து இறங்கி, ஒரு கடை வாசலில் நின்று, அக்காள் கணவனின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். நம் ஊரில் கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையை அஞ்சடி என்போம், ஐந்தடி அகலம் என்பதால். அந்தப் பழக்கத்தில், "கடை வாசல்ல அஞ்சடியில நிக்கிறேன், சீக்கிரம் வாங்க" என்றான்.

அந்தப் பக்கத்துக் குரல் பதறியது. "அஞ்சு அடியா? யாரு தம்பி அடிச்சது? அதோட நிறுத்திட்டாங்களா, இன்னும் அடிக்கிறாங்களா?"

மாமா காதைச் சொறிந்தார். நான் பட்டனை அழுத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சிரிப்பு. முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது, அதன் தோள் குலுங்கியது, பிறகு லிப்ட் மேலே போக ஆரம்பித்தது. அரங்கமே சிரித்தது. அடுத்து வந்த இடங்களிலும் மாமா சொறிய, நான் சிரிக்க, கூட்டம் சிரிக்க, எல்லாம் ஒழுங்காக நடந்தது. போகப்போக எனக்கு முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் மேடையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். "ஏன்டா இப்படிக் கத்துறே, மெதுவா சிரிக்கக் கூடாதா?" என்றார் காதோடு. அவருக்கு என்ன தெரியும், என் பொறுப்பு.

மைத்துனன் வீட்டுக்குள் வந்து சேர்ந்தான். வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை, பசி காதை அடைக்கிறது. வீட்டுக்காரர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். சாப்பிடுகிறீர்களா, டிபன் எடுத்து வைக்கட்டுமா என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். ஆனால் யாரும் பசியாறச் சொல்லவில்லை. முறையாகக் கூப்பிடாமல் எப்படிச் சாப்பிடுவது? அவனுக்கு ரோஷம் வருகிறது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். கைக்கடிகாரத்தை மணிக்கட்டிலிருந்து மெதுவாக மேலே தள்ளினான்.

"நாங்க அதுக்கு வரலைங்க."

அப்பாவின் அதே குரல். அதே கடிகாரம். செங்காங் வீட்டில் பார்த்த அதே நடிப்பு. மேடையில் மாமா காதைச் சொறிந்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி. அம்மாவின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எங்களுக்குப் பின்வரிசை முழுக்கப் பெரியம்மா வீட்டார், அவர்களும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் வழக்கப்படி பக்கத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மறுபடியும் காதைச் சொறிந்தார். மறுபடியும். தைலம் கொடுத்த பெரியவர் அங்கே இருந்திருந்தால் நேரே மேடைக்கே போயிருப்பார்.

பிறகு மாமா காதை விட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மேடையின் விளிம்புக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்களிடம் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார். "எங்க அத்தான் அன்னைக்கு இதைச் சொன்னப்போ நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வெறும் வயித்தோட இதைச் சொல்றதுக்கு இவ்ளோ தெம்பு வேணும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

காதைத் தொடவே இல்லை. நன்றாகக் கவனித்தேன்.

அப்பா சிரித்தார்.

அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. முதலில் மூக்கில் ஒரு சத்தம். அதை அடக்கப் பார்த்தார். ரொம்ப நாள் நிறுத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிள் உதைத்து உதைத்துக் கடைசியில் கிளம்புவதுபோல அது கிளம்பிவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே குனிந்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்து பெரியம்மா வரிசை. அதற்கடுத்து அரங்கம் மொத்தமும். சிறப்பு விருந்தினர்கூடக் கருத்தைத் தேடுவதை விட்டுவிட்டார். எல்லோரும் சிரித்து ஓய்ந்து அமைதியான பிறகுதான் எனக்கு என் கடமை நினைவுக்கு வந்தது. தன்னந்தனியாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். அதற்கும் ஒரு முறை எல்லோரும் சிரித்தார்கள்.

மைத்துனன் பசியில் மயங்கி விழுவதோடு நாடகம் முடிந்தது.

வெளியே நடைவழியில் காத்திருந்தோம். மாமா முகத்தைப் பாதி கழுவியும் கழுவாமலும் வந்தார். பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது, மீசை ஒரு பக்கம் தொங்கியது. அப்பாவுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். அம்மா சட்டென்று அறிவிப்புப் பலகைப் பக்கம் திரும்பி, பூப்பந்து வகுப்பு எந்தெந்தக் கிழமை என்று உன்னிப்பாகப் படித்தார். வழக்கப்படி என்னிடம்தான் ஏதாவது சொல்லச் சொல்வார்கள் என்று நான் இருவருக்கும் நடுவில் போய்த் தயாராக நின்றேன்.

அப்பா கைக்கடிகாரத்தை மேலே தள்ளிக்கொண்டார். என் தலைக்கு மேலாக, நேரே மாமாவைப் பார்த்து, "பசியாறிட்டியா மச்சான்?" என்றார்.

அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களை எப்போதும் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், அந்தச் சொல்லைக் காலையில்தான் கேட்க வேண்டும், சாயங்காலம் கேட்கக் கூடாது என்றுகூட அவருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா பலகையைப் படித்துக்கொண்டே என் தோளை அழுத்தினார்.

மாமாவும் வாயைத் திறந்தார். இன்றைக்கு நானும் இரண்டு மூன்று நாடகங்கள் எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடத்தில் அவர் கையில் அருமையான பதில் ஒன்று தயாராக இருந்தது. நாங்க அதுக்கு வரலைங்க என்று ஒரு வரி போட்டிருந்தால் நடைவழியே அதிர்ந்திருக்கும். எந்தக் கேள்விக்கும் பதிலை மடியில் கட்டிக்கொண்டு திரியும் ஆள் அவர். அன்றைக்கு அதை எடுக்கவில்லை.

"இல்ல அத்தான்" என்றார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"வா, போலாம்."

எல்லோரும் தேக்கா சந்தைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மாலை, உணவங்காடி நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. அப்பாவே கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு மேசையைப் பிடித்து, மாமாவை உட்கார வைத்துவிட்டு, கறி வைத்து மடித்த முர்தபா ரொட்டி சொல்லப் போனார். மாமாவுக்குப் பழக்கமான கடை. தட்டைக் கொண்டுவந்து வைத்த கடைக்கார பாய், மாமாவின் முகத்துப் பவுடரைப் பார்த்தார். "என்ன தம்பி, மாவுல விழுந்துட்டீங்களா? அது என் வேலைலா" என்றார். மாமா தின்பதில் தலை நிமிரவில்லை. அப்பா தன் தட்டிலிருந்தும் பிய்த்து அவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் லிப்ட் பற்றியும் கப்பல் பற்றியும் பேசினார்கள். ஒரு வரிகூட என் வழியாகப் போகவில்லை. தொழில் போய்விட்ட வருத்தத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாமா வாக்குத் தவறாதவர். கை கழுவப் போனவர் திரும்பி வரும்போது ஐஸ் கச்சாங்கோடு வந்தார். சிவப்புச் சாறு வழிந்து கிண்ணத்துக்கு வெளியே சொட்டியது. முதல் கரண்டியை வாயில் வைத்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. முக்கியமான இடத்தில் சிரித்தது நான் இல்லை. மாமா என்னை நம்பாமல், எனக்குத் தெரியாமல், இன்னொரு ஆளையும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். அந்த ஆளுக்குக் காது அல்லாமல் வேறு ஏதோ சாடை சொல்லிக் கொடுத்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதாக இருக்கலாம். சரி, போகட்டும். ஆனால் வேலை செய்த அப்பாவுக்கு முன்னால் கூலி எதுவும் இல்லையே.

"மாமா, அப்பாவுக்கு என்ன வாங்கித் தர்றதா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"சிரிச்சதுக்கு."

மாமா கையில் எடுத்த தேநீரைக் கீழே வைத்தார். அப்பா மாமாவைப் பார்த்தார், மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். மேசை ஆடியது. அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, விஷயம் தெரியாமலேயே சிரித்தார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி, யார் காதைச் சொறிந்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.